கலசத்தில் தண்ணீர் விழும்வரை

தாடையிலிருந்து கையை எடுத்தால் வாய் திறந்துகொள்கிறது. பிரமநாயகி, தெருவுக்குப் பிரமு, ஒருமுறை எடுத்துப் பார்த்தாள், திறந்தது. மறுபடி உள்ளங்கையை முட்டுக் கொடுத்து மூடினாள். பழைய வேட்டியில் ஒரு கீற்றுக் கிழித்துத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டவும் துணி மிஞ்சும். ஆனால் கட்டின தாடையை எவராவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டால் முடிந்தது கதை. வெறும் கை என்றால் வம்பில்லை, பெண்டாட்டி புருஷன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் பட்டப்பகலில், தெரு ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு, அவர் கன்னத்தை அவள் தொட்டதே கிடையாது. இன்றைக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறாள், அவர் இல்லை. குற்றாலிங்கம் பிள்ளை செத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கியில், தேர்முட்டிப் பக்கம் ஒரு மூக்குக் கண்ணாடி கண்டெடுக்கப்பட்டிருக்கிறது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தொண்டையில் ஏதோ உருண்டது. அவள் ஸ்பூனில் பால் எடுத்தாள். ஸ்பூன் உதட்டுக்குப் போவதற்குள் உருண்டது நின்றுவிட்டது. அடுத்து, "நவமி திதி எட்டேகாலுக்கு நிறைவடைந்து, தசமி திதியில், ஒன்பதரை மணிக்கு ராஜகோபுரத்துக் கலசங்களுக்குத் தீர்த்தம் சேர்க்கப்படும்" என்று அதே குரல் சொன்னது. சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி ஏழரைகூட ஆகவில்லை.

வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் எல்லாம் நின்றுவிடும். அதுதான் இந்தச் சன்னதித் தெருவின் சட்டம். தெருவில் பிணம் கிடந்தால் கோயிலில் பூசை கிடையாது. எடுக்கிறவரைக்கும் மணி அடிக்காது, அடுப்பு எரியாது, நடை சாத்தியே கிடக்கும். அவள் வீடு கோபுரத்திலிருந்து மூன்றாவது வீடு. கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் என்று சாத்திரம் சொல்கிறது. இந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கமிட்டி போட்டுச் சண்டை பிடித்து அதை முப்பது தாண்டும்வரைக்கும் இழுத்துவிட்டார்கள். இப்போதுதான் ஒருவழியாகக் கூடி வந்திருக்கிறது. பம்பாயிலிருந்தும் துபாயிலிருந்தும் சனம் வந்து இறங்கியிருக்கிறது. மாடியெல்லாம் தலை. தண்ணீர்த் தொட்டி மேலேகூட ஆள் உட்கார்ந்திருக்கிறான். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே, ஒரு ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம், அவள் மட்டும் குனிந்துகொண்டிருக்கிறாள். விடிகாலையில் மகன் சொக்கு குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றான். திருப்பணிக் குழுவில் அவனும் ஒருத்தன், அர்ச்சகர்களோடு கோபுரத்தின் மேலே ஏறப்போகிறவன். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எம்மா, அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா... கலசத்துல தண்ணி ஊத்துத வரைக்கும் நீ சத்தம் காட்டிராத, என்ன?" பதிலுக்கு அவன் நிற்கவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனான்.

சத்தம் காட்டாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன. கை மரத்துப்போகிறது. வலது கையை எடுத்துவிட்டு இடது கையைக் கொடுத்தாள். மாற்றுகிற அந்தக் கணத்தில் வாய் கொஞ்சம் பிளந்து, உள்ளே நாக்கு காய்ந்து கிடந்தது தெரிந்தது. கண்ணை முதலிலேயே மூடிவிட்டாள். கடைசியாக அது கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கவாதத்தில் விழுந்து பேச்சும் ஒரு பக்கமும் போனதிலிருந்து, இந்த இரும்புக் கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போடச் சொல்லிச் சைகை காட்டி, சாரம் கட்டுகிறதையும் சுதை வேலையையும் பெயிண்ட் அடிக்கிறதையும் நிலை நிலையாகப் பார்த்துக்கொண்டு கிடந்தார் மனுஷர். பேச்சு இருந்த காலத்தில் கோபுரத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். பாத்திரக் கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் அதே பாடம்தான். "கோயில்னா என்னன்னு நெனைச்சீரு வே? ஒரு ஆள் மல்லாக்கப் படுத்திருக்கான். கருவறை தலை, கொடிமரம் தொப்புள், கோபுரம் பாதம். நிமித்தி வச்ச பாதம். எதுக்கு இத்தனை ஒசரம்? உள்ளே வர முடியாதவன் இருக்காம்லா, நொண்டி, தீட்டுக்காரன், தீராத சீக்காளி, ஒரு காலத்துல உள்ளே விடாம அடிச்சு வெரட்டினோமே அவன், அவனுக்குல்லாம் எட்டட்டும்னு சாமி காலை நீட்டி வச்சிருக்கு. வயக்காட்டுல நின்னு பார்த்தாலே பாதத்தைத் தொட்ட மாதிரி." கேட்கிறவன் தலையாட்டிவிட்டு ஒரு டம்ளர்கூட வாங்காமல் போவான். அவள் இப்போது கட்டிலின் கடைசியைப் பார்த்தாள். போர்வைக்குள் அவர் பாதங்கள் இரண்டும் நிமிர்ந்து நின்றன. உள்ளே வர முடியாதவனைத் தேடித்தான் சாமி காலை நீட்டியிருக்கிறது என்றால், செத்தவனைக் கண்டால் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது? உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்கலாம். அவர் பேசும்போது அவள் அடுப்படியில் இருப்பாள், பேச்சு நின்றபிறகு கேட்டு என்ன பயன்.

ஆனிக் காற்று ஜன்னல் திரையைத் தூக்கியது. சாரத்தைப் பிரித்த கோபுரம் கண்ணைக் குத்தும் பச்சையும் நீலமும் ரோசாப்பூவுமாக, கல்யாணத்துக்கு வந்த பணக்காரச் சொந்தக்காரி மாதிரி நின்றது. மூன்றாம் நிலையில் கை ஒடிந்த ஒரு பொம்மை இருந்தது, பெண் பொம்மை. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒடிந்த கைதான். உள்ளே இருந்த செங்கல் தெரியும், கிளி வந்து உட்காரும். குழந்தை போன பிறகு அந்தப் பொம்மையோடு அவள் நிறையப் பேசியிருக்கிறாள், வாய் திறக்காமல். அதற்கும் இப்போது புதுக் கை வைத்து, வளையல் போட்டு, உதட்டில் சிவப்பு அடித்துவிட்டார்கள். முன்னே பின்னே தெரியாத எவளோ ஒருத்தி. குழந்தையை நினைக்கக்கூடாது என்று நினைத்தாள், நினைத்தாயிற்று. குழலி. முழுப் பெயர் குழல்வாய்மொழி, அவர்தான் ஆசையாக வைத்தார். சொக்குவுக்கு அடுத்தது. தவழ ஆரம்பித்திருந்தது. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் தேரோட்டம். தேர் இந்தத் தெருவுக்குள் திரும்பி நாலு வீடு வந்திருக்கும்போது அவள் மடியில் குழந்தையின் தலை தொங்கியது. அவள் கத்தினாள். கத்தின சத்தம் கேட்டு வடம் பிடித்தவர்கள் வடத்தைக் கீழே போட்டார்கள். அவ்வளவு பெரிய தேர், அத்தனை சனம், ஒரு சத்தத்தில் அப்படியே நின்றது. அவள் கத்தினதற்கு உலகத்தில் ஒன்று நின்றது அன்றைக்கு மட்டும்தான். கால் மணி நேரம்கூட இல்லை. யார் யாரோ உள்ளே வந்தார்கள். "பச்சப் புள்ளதான தாயி, வச்சிருந்து என்ன செய்யப் போறே" என்றார்கள். மடியிலிருந்து எடுத்தார்கள். ஒரு பட்டுத் துணியில் சுற்றி, புறவாசல் வழியாக, ஆற்றங்கரைக்கு. அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னாலேயே நடந்து போனார். அவர்கள் ஆற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே வீட்டைக் கழுவி விட்டு, தேர் அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. மேளச் சத்தத்தில் அவள் அழுதது அவளுக்கே கேட்கவில்லை. குழந்தைகளுக்குத் திதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அது வந்த நாளும் போன நாளும் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

குழந்தையை அப்படித் தூக்கிப் போனது மறக்காததால்தான் நேற்று அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தாரோ என்னவோ. திருப்பணிக் குழுத் தலைவர் அனவரதம் அண்ணாச்சி நேற்றுச் சாயங்காலம் வந்தார். கையில் ஆப்பிள் பை, நெற்றி நிறையத் திருநீறு. "தங்கச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. டவுன் ஆஸ்பத்திரியில ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டே நாள். கும்பாபிசேகம் முடிஞ்ச கையோட நானே கார்ல கொண்டாந்து எறக்கிருதேன். அத்தானுக்கும் ஏசியில நல்லா இருக்கும்லா?" நல்லவர்தான். எல்லாக் கெட்ட காரியத்தையும் நல்ல மனசோடு செய்கிற ஒரு ஜாதி நல்லவர். பிரமு வாய் திறப்பதற்குள் கட்டிலில் ஏதோ கிறீச்சிட்டது. குற்றாலிங்கம் பிள்ளை நல்ல கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், ஆப்பிளை வைத்தார். "அப்பம் ஆண்டவன் விட்ட வழி" என்று எழுந்தார். ஆண்டவனிடம் ஏற்கனவே பேசி முடித்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். அவர் போன பிறகும் கை கம்பியை விடவில்லை. பிரமு காதோரம் குனிந்து, "நான் அனுப்ப மாட்டேன், விடுங்க" என்றாள். அப்புறம்தான் விட்டார். அவள் அவருக்குக் கொடுத்த வாக்கு அது. மகனுக்கு அவள் வாக்கே கொடுக்கவில்லை. ஆனாலும் இப்போது அவள் காப்பாற்றிக்கொண்டிருப்பது மகன் கேட்டதைத்தான். இவர் செத்ததைத் தெருவுக்குச் சொல்லி அழுதால் அரை மணியில் ஆள் வந்துவிடும். மூங்கில்கூட முழுசாக வெட்டாமல், மாலை வராமல், மகள் முறையில் உள்ளவர்கள் கோடித் துணி போடாமல், புறவாசல் வழியாகத் தூக்குவார்கள். குழந்தையைத் தூக்கின அதே புறவாசல். அழாமல் இருந்தால் சாயங்காலம்வரை நடுக்கூடத்தில் மரியாதையாகக் கிடப்பார். அப்படியென்றால் அழாமல் இருப்பது அவருக்காகத்தான். இப்படி ஒன்றைச் சொல்லி மனசைத் தேற்றினாள். தேறின மாதிரி இருக்கும்போதே, பிணத்தைத் தெருவில் வைத்துக்கொண்டு கலசத்தில் தண்ணீர் ஊற்றவிடுகிறாளே பாவி என்று உள்ளுக்குள் ஒன்று கூவியது. கோபுரம் பிளந்துவிட்டால்? மழை இல்லாமல் போனால்? மேலே நிற்கிற சொக்குவுக்குக் கால் இடறினால்? கோபுரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"மதினி!" என்று வாசலில் சத்தம். பக்கத்து வீட்டுச் செண்பகம். ஒருக்களித்த கதவைத் தள்ளிக்கொண்டு, வாழை இலையில் பொங்கலோடு உள்ளே வந்துவிட்டாள். பிரமு தாடையில் இருந்த கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சி முழிச்சிருக்காகளா?" "இப்பத்தான் கண்ணசந்தாக." "நல்லா கண்ணசந்தாக போங்க! இதுக்காகத்தான உசிரைப் பிடிச்சிட்டுக் கெடக்காக. எழுப்புங்க மதினி, கடம் புறப்படப் போவுது." "நேரம் வரட்டும், எழுப்புதேன்." செண்பகம் இலையை ஸ்டூலில் வைத்தாள். போனாளா என்றால் இல்லை. "போர்வை வெலகிக் கெடக்கே" என்று கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்துவிட்டாள். விரல் பாதத்தில் பட்டது. "என்ன மதினி, காலு சில்லுனு இருக்கு?" பிரமு அவளைப் பார்த்தாள். இவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கனம் பாதியாகும். ஆனால் செண்பகத்துக்கு ரகசியம் என்றால் மூச்சுப் பிடித்து நாலு வீடு தாண்டுமட்டும்தான் தாங்கும். "ஆனிக் காத்துல்லா, ஜன்னல் தொறந்தே கெடக்கு" என்றாள் பிரமு. குரல் அவள் குரலாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். "தேங்காண்ணெய் வச்சுத் தேச்சுவிடுங்க" என்று சொல்லிவிட்டுச் செண்பகம் மாடிக்கு இடம் பிடிக்க ஓடினாள். பிரமு கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டேகால் தாண்டியிருந்தது. நவமி போயிற்று.

நவமி என்றதும் வேறொன்று வந்து மாட்டிக்கொண்டது. இவருக்குத் திதி என்றைக்கு? மூச்சு நின்றது நவமியில். தண்ணீர் ஊற்றின பிறகு அழுதால் தசமி என்று எழுதுவார்கள். அவர் இதில் பொல்லாத ஆள். தன் அப்பா திதியன்றைக்கு விடியுமுன்னே எழுந்து தெருக்கதவை அகலத் திறந்து வைப்பார். பிண்டம் வைத்துக் காக்காய்க்குப் போடும்வரைக்கும் சாத்தக்கூடாது. ஒரு வருஷம் நாய் வருகிறதென்று அவள் சாத்திவிட்டாள். அன்றைக்குப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, அப்பா வந்து வாசல்ல நிப்பாகட்டி! கதவு சாத்தியிருக்கிறதப் பாத்துட்டுப் பட்டினியாத் திரும்பிப் போயிருவாக. வருசத்துல ஒருநாள்தான் அவுகளுக்கு வழி உண்டு!" அவர் சத்தம் போட்டது அபூர்வம். குழந்தையைத் தூக்கின அன்றைக்குக்கூடப் போடவில்லை. அதை நினைத்தபோது, கையில் இருந்த தாடையை அப்படியே விட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு. விடவில்லை. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நாகஸ்வரம் உயர்ந்தது. கடங்கள் புறப்பட்டுவிட்டன. தலையில் குடத்தோடு அர்ச்சகர்கள் கோபுரத்தின் ஏழாம் நிலைக்கு மேலே ஒவ்வொருவராக முளைத்தார்கள், சின்னச் சின்னதாக. அவர்களுக்கு நடுவே வெள்ளைத் துண்டு தலைப்பாகையோடு சொக்கு. இவள் ஜன்னலைத்தான் பார்க்கிறானோ என்று தோன்றியது. அவ்வளவு உயரத்திலிருந்து என்ன தெரியும், ஒரு ஓட்டு வீடு தெரியும். இப்படித்தான் அவரும் நின்றார், போன கும்பாபிஷேகத்தில், கல்யாணமான புதிதில். கலசத்துக்குள் வரகு கொட்டுகிற வேலை அவருக்கு. வெள்ளம் வந்து எல்லாம் அழிந்தாலும் உச்சியில் விதை மிஞ்சும் என்று அன்று ராத்திரி சொன்னார். புதுப்பெண்ணிடம் பேச வேறு பேச்சே கிடைக்கவில்லை அவருக்கு. அவள் சிரித்தாள், அவருக்கு வெட்கமாகிவிட்டது. இப்போது எல்லோரும் வானத்தைத் தேடினார்கள். கருடன் வந்து வட்டமிட்டால்தான் குடத்தைச் சாய்ப்பார்கள், அதுதான் சாமியின் சம்மதம். பிரமுவும் தேடினாள். வராது என்று அவளுக்குத் தெரியும். எப்படி வரும், இங்கே இவர் கிடக்கிறபோது? வராது, நேரம் தாண்டும், சனம் முணுமுணுக்கும், குற்றம் எங்கே என்று தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு வருவார்கள். வந்தால் வரட்டும், சொல்லிவிடலாம். அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஒரு செம்பருந்து, வெள்ளைக் கழுத்து, ஆற்றுப் பக்கமிருந்து நிதானமாக வந்தது. கலசத்துக்கு மேலே ஒரு சுற்று. இன்னொரு சுற்று. "கருடன்!" என்று சனம் ஒரே குரலாக அலறியது. பச்சைக் கொடி அசைந்தது. ஏழு கலசத்திலும் தண்ணீர் விழுந்து, வெயிலில் மின்னி, பொம்மைகள்மேல் வழிந்தது. ஒன்றும் பிளக்கவில்லை. ஒருவனுக்கும் கால் இடறவில்லை. சாமிக்கு ஒரு குறையும் இல்லை. தெருவில் பிணம் கிடப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் அன்றைக்கு? அன்றைக்கு மட்டும் குழந்தையைச் சாயங்காலம்வரை மடியில் வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? தேர் நகர்ந்திருக்காதா? முப்பது வருஷம் பிந்தி அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கோபுரத்தின்மேல், தெருவின்மேல், பேசாமல் பின்னாலேயே நடந்துபோன இந்த மனுஷர்மேல். கையை வெடுக்கென்று எடுத்தாள். வாய் திறக்கவில்லை. விறைத்து, அவள் மூடின மாதிரியே மூடிக்கொண்டிருந்தது.

இப்போது அழலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அழுகைதான் வரவில்லை. வாசலில் ஈரக்காலோடு யாரோ ஓடிவருகிற சத்தம். சொக்கு. கையில் செம்பு, மூச்சிரைப்பு, முகமெல்லாம் சந்தோஷம். "எப்பா! கலசத் தீர்த்தம்ப்பா, ஒங்களுக்குத்தான் மொதல்ல!" உட்கார்ந்து, தலையை லேசாகத் தூக்கி, உதட்டில் ஊற்றினான். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாயோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி, தலையணையில் ஊறியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினான், அதுவும் வழிந்தது. கன்னத்தைத் தொட்டான். கையை இழுத்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான். எப்பம் என்று கேட்கப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டான், அவள் தாடையை எத்தனை நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பதுவரைக்கும். அவள் விரல்கள் இன்னும் வளைந்தபடியே மடியில் கிடந்தன. அவன் அவற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று கத்தினான்.

கூடம் நிறைந்துவிட்டது. செண்பகம் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அனவரதம் அண்ணாச்சி மாலையோடு வந்தார், கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. "எப்பம் பிரிஞ்சுது? திதி பாக்கணும்லா" என்றார் தணிந்த குரலில். சொக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தீர்த்தத்தை வாங்கிட்டுத்தான் போனாக மாமா. ஒரு மடக்கு குடிச்சாக. என் கையாலதான்." கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. எப்பேர்ப்பட்ட சாவு, யாருக்குக் கிடைக்கும், கும்பாபிசேகம் பாத்து, தீர்த்தம் வாங்கி, என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்னார்கள். செண்பகம் மட்டும் ஒரு விநாடி பிரமுவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பம் தசமி" என்றார் அண்ணாச்சி. "அப்படித்தான தங்கச்சி?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜன்னலில் கோபுரம் ஈரம் சொட்ட நின்றது.

"ஆமா" என்றாள் பிரமு.

அடுத்த வருஷம் ஆனி வளர்பிறை தசமியில் இந்தத் தெருக்கதவை அகலத் திறந்து வைப்பார்கள். சொக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, பெயர் சொல்லி அப்பாவைக் கூப்பிடுவான். அவர் முந்தின நாளே வந்து, சாத்தின கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.